வெள்ளிப் பாடலும் வேத விரிவுரையும்
இஸ்லாமிய விரிவுரை மரபில் ‘இஸ்ராயீலியாத்’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

காரைக்குடியில் 1939ஆம் ஆண்டு சா. கணேசன் அவர்கள் தோற்றுவித்த கம்பன் கழகம் ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் விழா எடுத்து வருகிறது. விழாவின் நிறைவு நாள், கம்பர் அடக்கமான இடமாகப் போற்றப்படும் நாட்டரசன்கோட்டையில் நிகழ்வது மரபு. அவ்விழாவின் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பழகிய செட்டிநாட்டு மக்களுக்கு ‘வெள்ளிப் பாடல்’ என்னும் தொடர் புதியதன்று. கம்பர் பாடாத பாடல்கள் பல பிற்காலத்தில் அவருடைய நூலுள் நுழைந்தன. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் அவற்றைப் பாடிச் சேர்த்தார் என்ற செவிவழிச் செய்தியால் அவை வெள்ளிப் பாடல்கள் எனப் பெயர் பெற்றன. பதிப்பாசிரியர்கள் அவற்றை ‘மிகைப் பாடல்கள்’ எனப் பிரித்துத் தனியே அச்சிடுகின்றனர். மிகைப் பாடல் ஒன்றை எடுத்துக்காட்டிக் கம்பரைக் குறை கூறுவோர் எவரேனும் அவ்வவையில் எழுந்தால், “முதலில் பாட வேறுபாட்டைப் பார்த்து வாரும்” என்றே அவருக்கு விடை கிடைக்கும்.

புலவர் அவை தன் கவிஞனுக்குக் காட்டும் இந்த நேர்மையை, திருச்சபையாராகிய நாம் நம் அயலாரின் மறைநூலுக்குக் காட்டுகின்றோமா? காரைக்குடியும் நாட்டரசன்கோட்டையும் அமைந்த இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழும் இளையான்குடியும் உள்ளது. அங்காடியிலும் கல்லூரியிலும் மருத்துவமனையிலும் நாம் நாள்தோறும் சந்திக்கும் மக்கள் அவர்கள். ஆயினும், அவர்களுடைய மறையைப் பற்றி நம் பிரசங்கங்களிலும் துண்டு வெளியீடுகளிலும் பேசும்போது, “குர்ஆன் இவ்வாறு கூறுகிறது” என்று நாம் எடுத்துரைக்கும் கதைகளுள் சில குர்ஆனில் இல்லாதவை. அவர்களுடைய அறிஞர்களாலேயே ஐயத்துக்குரியவை என்று ஒதுக்கப்பட்டவை. இக்கதைகள் எவ்வாறு விரிவுரைகளில் இடம் பெற்றன, அவற்றை யார் எவ்வாறு சலித்தனர், நாம் அவற்றை எவ்வாறு கையாண்டோம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் தோற்றமும்

‘இஸ்ராயீலியாத்’ என்னும் அரபுச் சொல் இஸ்ரவேலரிடமிருந்து வந்த செய்திகளைக் குறிக்கும். வழக்கில், யூதரிடமிருந்தும் கிறிஸ்தவரிடமிருந்தும் பெறப்பட்டுக் குர்ஆன் விரிவுரைகளாகிய தஃப்சீர்களில் சேர்ந்த எல்லாக் கதைகளுக்கும் அது பொதுப்பெயராயிற்று.

இவை நுழைந்தமைக்குக் காரணம் குர்ஆனின் நடையிலேயே உள்ளது. ஆதாம், நோவா, ஆபிரகாம், யோசேப்பு, மோசே, தாவீது ஆகியோரைக் குர்ஆன் பலமுறை குறிப்பிடுகின்றது. ஆனால் பெரும்பாலும் அவர்தம் வரலாற்றை முதலிலிருந்து முடிவு வரை சொல்லுவதில்லை. அறிவுரைக்குத் தேவையான பகுதியை மட்டும் தொட்டுச் செல்கிறது. கேட்போர் உள்ளம் அவ்வளவில் அமைதியுறுமா? பேழை எவ்வளவு பெரிது? யோசேப்பை மயக்க முயன்றவளின் பெயர் என்ன? மோசேயின் கோல் எம்மரத்தால் ஆயது? இவ்வினாக்களுக்கு விடை கூறத் தக்கவர்களாக, முன்பே மறைநூல் பெற்றிருந்த சமயங்களிலிருந்து இஸ்லாத்தில் சேர்ந்தவர்கள் கருதப்பட்டனர். மதீனாவில் நபிகள் நாயகத்தை ஏற்ற யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம், ஏமன் நாட்டு யூதராயிருந்து மதம் மாறிய கஅப் அல்-அஹ்பார், அதே நாட்டில் ஏழாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த வஹ்ப் இப்னு முனப்பிஹ் ஆகிய மூவர் பெயரும் இவ்வகைச் செய்திகளில் அடிக்கடி காணப்படும்.

வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் (1332–1406) இதற்குத் தரும் விளக்கம் கருதத்தக்கது. எழுத்தறிவும் நூற்பயிற்சியும் குறைந்த பாலைவன மக்கள், படைப்பின் தொடக்கம் முதலியவற்றை அறிய விரும்பியபோது தமக்கு முன் வேதம் பெற்றோரை அணுகினர். அவ்வாறு அணுகப்பட்டோரும் தம் கூட்டத்துப் பொதுமக்கள் அறிந்த அளவே அறிந்தவர்கள். அவர்கள் சொன்னவை ஆராயப்படாமலே விரிவுரைகளில் நிறைந்தன என்பது அவர் கருத்து. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் தம் சமய நூல்களைக் குறித்து இவ்வளவு வெளிப்படையாக எழுதினார் என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்று வினா ஆயிரமான வரலாறு

இக்கதைகள் எவ்வாறு வளர்ந்தன என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்றுண்டு. அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகத்திடம் மூன்று வினாக்களைக் கேட்டு, விடைகளில் மனநிறைவுற்று இஸ்லாத்தைத் தழுவினார் என்று புகாரியின் ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. காலப்போக்கில் மூன்று வினாக்கள் நூறாகி ஆயிரமாயின. படைப்பு, வானுலகம், நரகம், உலக முடிவு ஆகிய எல்லாவற்றையும் பற்றிய வினாவிடை நூல் ஒன்று அரபியில் உருவாயிற்று. அது பாரசீகம், மலாய், சாவகம் முதலிய மொழிகளுக்கும் பரவியது. தமிழில் வண்ணப்பரிமளப் புலவர் அதனைச் செய்யுளாகப் பாடி 1572இல் அரங்கேற்றினார். ‘அதிசய புராணம்’ எனவும் பெயர் பெற்ற அந்த ‘ஆயிர மசலா’, இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது.

அந்நூலின் தமிழ்ச் சுவையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பக்தியுள்ளம் தன் கேள்விகளுக்குத் தானே விடை புனைந்து மகிழும் இயல்பு எச்சமயத்துக்கும் பொது. ஆயினும், இலக்கியமாகச் சுவைத்தற்குரியது வேறு. ஒரு சமயத்தின் கோட்பாட்டுச் சான்றாகக் கொள்ளற்குரியது வேறு. இவ்வேறுபாட்டைக் காணத் தவறியவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர்.

சலித்தோர் வரலாறு

ஹதீஸ் கலையில் ஒவ்வொரு செய்திக்கும் ‘ஸனது’ எனப்படும் அறிவிப்பாளர் வரிசை ஒன்று உண்டு. யாரிடமிருந்து யார் கேட்டார் என்பதைப் பின்னோக்கிச் சென்று ஆராய்ந்தால், செய்தி நபிகளிடம் சென்று முடிகிறதா, அன்றி இடையில் ஒருவரிடம் நின்றுவிடுகிறதா என்பது புலனாகும். தபரீ (839–923) தம் பெரு விரிவுரையில் ஸனதுகளோடு எல்லாச் செய்திகளையும் தொகுத்து வைத்தார். தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பெரிதும் பின்வந்தோர் ஏற்க வேண்டியதாயிற்று. ஸஃலபீ (மறைவு 1035) தீர்க்கதரிசிகளின் கதைகளைத் தொகுத்தபோது சுவையே முன்னின்றது.

இப்னு தைமிய்யா (1263–1328) இவ்வயற்செய்திகளை மூன்றாகப் பகுத்தார். குர்ஆனும் உறுதியான ஹதீஸும் மெய்ப்பிப்பவை முதல்வகை, அவற்றை ஏற்கலாம். அவற்றோடு முரண்படுபவை இரண்டாம் வகை, அவை தள்ளத்தக்கன. இரண்டிலும் சேராதவை மூன்றாம் வகை. அவற்றை நம்பவும் வேண்டா, பொய் எனவும் வேண்டா. எடுத்துரைக்கலாம், ஆனால் அவற்றின்மேல் கோட்பாட்டைக் கட்டலாகாது. வேதக்காரர் சொல்வதை மெய்யென்றும் பொய்யென்றும் கூறாதீர் என்னும் கருத்துடைய நபிமொழியே இம்மூன்றாம் வகைக்கு அடிப்படை. குகையில் உறங்கியவர்களின் பெயர்கள், அவர்களுடைய நாயின் நிறம் ஆகியவற்றை இவ்வகைக்கு அவர் எடுத்துக்காட்டாகக் கூறுவார். எண்ணிக்கையைக் குறித்து வாதிட வேண்டா எனக் குர்ஆனே (18:22) கூறியிருக்க, விரிவுரையாளர் நாய்க்கும் பெயர் தேடினர். இக்குகைக் கதை, சிரிய மொழித் திருச்சபைத் தந்தை சரூக் நகர யாக்கோபு (மறைவு 521) பாடிய எபேசு நகரத்து எழுவர் கதையோடு ஒத்தது என்பது நம் மாணாக்கர் அறிய வேண்டியது.

அவர் வழிநின்ற இப்னு கஸீர் (மறைவு 1373) செய்த சலிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். குர்ஆன் 2:102 பாபிலோனில் இருந்த ஹாரூத், மாரூத் என்னும் இருவரைக் குறிப்பிடுகின்றது. அவர்கள் ஒரு பெண்ணின்மேல் மோகங் கொண்டு வீழ்ந்த வானதூதர் என்றும், அப்பெண் வெள்ளி என்னும் விண்மீன் ஆனாள் என்றும் விரிவுரைகள் கூறும்; குர்ஆன் கூறவில்லை. இப்னு கஸீர் அதன் ஸனதை ஆராய்ந்து, அது நபிகளிடம் செல்லவில்லை, கஅப் அல்-அஹ்பாரிடமே நின்றுவிடுகிறது என்று காட்டினார். ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தையும் ஏனோக்கு நூலையும் கற்றவர்கள் இக்கதையின் உறவினரை எளிதில் இனங்காண்பர்.

அயன்மை வேறு, பொய்ம்மை வேறு

இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். அயலிலிருந்து வந்தது யாவும் பொய்யன்று; வீட்டில் பிறந்தது யாவும் மெய்யுமன்று. எட்டாம் நூற்றாண்டில் நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர் குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்பையும் கூறும் செய்திகளை இட்டுக்கட்டினார். மக்கள் சட்டக் கலையிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் குர்ஆனை மறந்தமையால் இறைவனுக்காகவே அவ்வாறு செய்ததாக அவர் ஒப்புக்கொண்டார் என்பர். இத்தகைய புனைவுகள் ஸமக்‌ஷரீ, பைளாவீ ஆகியோரின் புகழ்பெற்ற விரிவுரைகளிலும் இடம் பெற்றன. இவை அயற்சரக்கு அல்ல; நல்ல நோக்கத்தோடு வீட்டிலேயே வார்க்கப்பட்ட கள்ள நாணயம். எனவேதான் எகிப்திய அறிஞர் அபூ ஷஹ்பா தம் நூலின் தலைப்பிலேயே இஸ்ராயீலியாத்தையும் புனைசெய்திகளையும் இருவேறாகக் குறித்தார்.

கிறிஸ்தவராகிய நமக்கு உறுத்தலான இடம் தாவீதின் வரலாறு. குர்ஆன் 38:21–25, தொண்ணூற்றொன்பது ஆடுடையவனுக்கும் ஓர் ஆடுடையவனுக்கும் இடையே எழுந்த வழக்கைத் தாவீது கேட்டதையும், தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து மன்னிப்பு வேண்டியதையும் கூறுகிறது. உரியாவும் அவன் மனைவியும் அங்கு இல்லை. விரிவுரையாளர் பலர் 2 சாமுவேல் 11, 12ஆம் அதிகாரங்களின் வரலாற்றைக் கொணர்ந்து அவ்விடத்தை நிரப்பினர். தீர்க்கதரிசிகள் பெரும்பாவத்தினின்று காக்கப்பட்டவர் என்னும் கொள்கையுடையோர் அதனைக் கடுமையாக மறுத்தனர். கதைசொல்லிகள் கூறுவதுபோல் தாவீதின் கதையைக் கூறுவோனுக்கு 160 கசையடி கொடுப்பேன் என்னும் பொருள்பட அலீ அவர்கள் கூறியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. இப்னு கஸீர் அக்கதையை எடுத்துரைக்காமலே விட்டுவிட்டார்.

அவர்கள் களையென்று பறித்தது நமக்குத் திருமறை. இதனைக் கேட்டு நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. நம் திருமறையைத் திருத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை. அரசனின் பாவத்தை மறைக்காமல் எழுதிவைத்த இஸ்ரவேலின் துணிவே நம் விசுவாசத்தின் ஒரு தூண். ஆனால் ஒரு முஸ்லிம் அக்கதையை மறுக்கும்போது அவர் நம்மைப் பழிக்கவில்லை. தம் நூலில் இல்லாததைத் தம் நூலுக்கு உரையாக ஏற்க மறுக்கிறார். பலியிடக் கொண்டுபோகப்பட்ட மைந்தன் ஈசாக்கா, இஸ்மவேலா என்பதும் இவ்வாறே. அந்நிகழ்ச்சியை விவரிக்கும் பகுதியில் (37ஆம் அத்தியாயம்) குர்ஆன் பெயர் சுட்டவில்லை. தபரீ ஈசாக்கு என்றார். இப்னு கஸீர் அது வேதக்காரர் வழி வந்த கருத்து என விலக்கி இஸ்மவேல் என்றார். கருத்து வேறுபாடு அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்பதை அறியாமல் நாம் வாதிடப் புகுவது தகுமா?

நம் கைக்கு வந்த கதை

மேலைத் திருச்சபை இக்கதைகளை எவ்வாறு பெற்றது? குளூனி மடத்துத் தலைவர் பேதுரு, இஸ்லாத்தைப் பற்றிய நூல்களை இலத்தீனில் பெயர்க்க ஏற்பாடு செய்தார். 1143இல் கெற்றன் ஊர் இராபர்ட்டு குர்ஆனை மொழிபெயர்த்தார். அத்தொகுதிக்காகவே கரிந்தியா நாட்டு எர்மான் அப்துல்லாஹ் இப்னு சலாமின் வினாவிடை நூலைப் பெயர்த்தார். இத்தொகுதியைத் தியோதர் பிப்லியாண்டர் 1543இல் பாசல் நகரில் அச்சிட்டார். நகர மன்றம் அச்சீட்டைத் தடுத்தபோது அதனை விடுவிக்குமாறு எழுதியவர் மார்ட்டின் லூத்தர். முன்னுரை ஒன்றும் அவர் வழங்கினார். எதிர்ப்பதற்கும் முதலில் படித்தறிய வேண்டும் என்ற அவருடைய எண்ணம் போற்றற்குரியதே. ஆயினும் குர்ஆனும் ஆயிர மசலாவின் மூலக் கதையும் ஒரே அட்டைக்குள் அமைந்தன. மதுரை நாட்டில் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய அதே கதையை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியர் இஸ்லாத்தின் கோட்பாட்டு நூல் என அச்சில் படித்துக்கொண்டிருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆபிரகாம் கைகர் என்னும் யூத அறிஞர், யூத சமயத்திலிருந்து முகமது நபி எவற்றைப் பெற்றார் என்பதை ஆராய்ந்து 1833இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1898இல் வெளிவந்தது சென்னை வேப்பேரியின் மிஷன் அச்சகத்திலிருந்தே. பின்னர் டிஸ்டால் ஐயர் குர்ஆனின் மூலங்களைப் பற்றி எழுதிய நூலில், ஸஃலபீயின் கதைத்தொகுப்பிலிருந்து பல எடுத்துக்காட்டுகள் தரப்பட்டன. இந்நூல்களின் வழியே, குர்ஆன் கூறுவதும் கதைத்தொகுப்பு கூறுவதும் வாதத்தில் ஒன்றாய்க் கலந்தன. குர்ஆனுக்கும் யூத மரபுக்கும் உள்ள ஒப்புமைகளை ஆராய்வது முறையான வரலாற்றுப் பணி. குர்ஆனில் இல்லாத பாம்பையும் மயிலையும் ஆதாமின் தோட்டத்தில் விட்டுவிட்டு, அவற்றைக் காட்டிக் குர்ஆனை நகைப்பது முறையன்று.

இருபதாம் நூற்றாண்டின் எச்சரிக்கை

எகிப்தில் முகமது அப்துஹு (1849–1905), ரஷீத் ரிளா (1865–1935) ஆகியோர், குர்ஆன் வரையறுக்காது விட்டதை நாமும் வரையறுக்கலாகாது என்னும் நெறியை வலியுறுத்தினர். தமிழகத்திலும் பா. தாவூத்ஷா (1885–1969) தம் ‘தாருல் இஸ்லாம்’ இதழ் வழியே பகுத்தறிவுக்கு ஒவ்வாத கதைகளை எதிர்த்தார். காரைக்கால் அப்துல் ஹமீது பாகவி குர்ஆன் முழுவதையும் தமிழாக்கித் தந்தார். இன்று இப்னு கஸீரின் விரிவுரையும் தமிழில் கிடைக்கிறது. அரபி அறியாமை இனி நமக்குச் சாக்காகாது.

எனினும் களையெடுப்புக்கும் ஒரு நோய் உண்டு. 1946இல் எகிப்திய எழுத்தாளர் அபூ ரைய்யா, பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கஅபை ‘முதல் சியோனிஸ்டு’ என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். ஸனதை ஆராயும் கலை, இனத்தை ஐயுறும் அரசியலாய்த் திரிந்தது. இதனைச் சுட்டும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். ஜெர்மன் புராட்டஸ்டண்டு சபையினர் சிலர் 1939இல் ஐசனாக் நகரில், சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினர். வால்டர் குருண்ட்மன் என்னும் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர் அதனை நடத்தினார். அவர்கள் அல்லேலூயாவையும் அயற்சொல்லென்று பாமாலையிலிருந்து நீக்கினர். அயன்மையையே பொய்ம்மை என்று கொண்டால் எங்கு போய் முடியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. யூதா தம் நிருபத்தில் (14, 15) ஏனோக்கை எடுத்தாள்கிறார். யந்நே, யம்பிரே (2 தீமோத்தேயு 3:8) என்னும் பெயர்கள் யாத்திராகமத்தில் இல்லை, யூத மரபில் உள்ளன. நம் மறையும் அயற்காற்றுப் புகாத அறையன்று.

முடிவுரை

ஆராய்ந்தவற்றிலிருந்து மூன்று கடமைகள் தெளிவாகின்றன. ஒன்று, குர்ஆன் கூறுகிறது எனச் சொல்லுமுன் அது குர்ஆனில் உள்ளதா, விரிவுரையில் உள்ளதா என்று பார்த்தல். இரண்டு, விரிவுரையில் உள்ளதாயின், அச்சமயத்து அறிஞர்கள் அதனை எவ்வாறு மதித்தனர் எனக் கேட்டறிதல். மூன்று, அதே சல்லடையை நம் பிரசங்கத்துக்கும் பயன்படுத்தல். ஏதேன் கனியை ஆப்பிள் என்றும், கீழ்த்திசைச் சாஸ்திரிகளை மூவர் என்றும், அவர்களுக்குப் பெயரும் அரச முடியும் தந்தும் நாம் பேசுகின்றோம். இவற்றையெல்லாம் காட்டி ஒருவர் மத்தேயுவை நகைத்தால் நாம் ஏற்போமா?

பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை (யாத்திராகமம் 20:16) அயலானைக் குறித்தே கொடுக்கப்பட்டது. அவனுடைய ஆட்டைக் குறித்தும் நிலத்தைக் குறித்தும் மட்டுமன்று, அவன் உயிரினும் மேலாய்ப் போற்றும் நூலைக் குறித்தும் அது நம்மைக் கட்டுப்படுத்தும். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு.மு. இஸ்மாயீல் அவர்கள் (1921–2005) ஒரு முஸ்லிம். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராயிருந்து, இராமகாதையைக் கம்பர் சொற்கொண்டே ஆராய்ந்து பல நூல்கள் எழுதியவர். அயலார் போற்றும் காப்பியத்தை ஆதாரத்தோடும் அன்போடும் கற்ற அவரைச் செட்டிநாட்டுக் கம்பன் அன்பர்கள் நன்கறிவர். நம் இறையியல் மாணாக்கரில் ஒருவர் இளையான்குடித் தெருவில் குர்ஆனைப் பற்றிப் பேச நேர்ந்தால், கேட்கும் முஸ்லிம் பெரியவர், “தம்பி, எங்கள் நூலில் உள்ளதைத்தான் சொன்னீர்கள், இனி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்” என்று கூறத்தக்க நிலை வேண்டும். நற்செய்திக்குக் காது கிடைப்பது அதன் பின்னரே.